பிரேக்கின் மேல் ஒரு கால்

வண்டி தானாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. யாராவது கேட்டால் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கேமரா, ரேடார் என்று ஆரம்பித்தால் கேட்டவர் மெல்ல நழுவிவிடுவார். குறுக்கே ஆள் வந்தால், ஓட்டுபவர் பிரேக் போடாவிட்டாலும் வண்டியே போட வேண்டும். போடுகிறதா, எவ்வளவு தூரத்தில் போடுகிறது, மழையில் போடுகிறதா, தில்லியின் ஜனவரி மூடுபனியில் போடுகிறதா என்று பல விதமாகச் சோதித்துவிட்டு, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் எங்கள் கம்பெனி வண்டி எதுவும் வெளியே போகாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது அவையடக்கத்துக்காகச் சொன்னது.

அப்பாவுக்கு என் வேலையின் மேல் பெரிய மரியாதை கிடையாது. மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு கரோல் பாக் வாடகை வீட்டில் அவரும் நானும்தான். காலையில் கம்பெனி வண்டி வந்து என்னை ஹரியானா எல்லைக்கு அப்பால் இருக்கும் சோதனைத் தடத்துக்கு அழைத்துப் போகும். மாலை புழுதியும் வெயிலுமாகத் திரும்பி வருவேன். இன்றைக்கு நின்றதா என்று கேட்பார். நின்றது என்பேன். நிற்கிற வண்டியைப் பார்க்க எதற்கு இவ்வளவு படிப்பு என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு முறை ஒன்றே ஒன்று. தில்லியில் நடப்பவர்கள் எல்லோரும் கைக்கொள்வது அது. வலதுகையை மார்பளவுக்குத் தூக்கி, உள்ளங்கையை வருகிற வண்டிக்குக் காட்டிக்கொண்டே சாலையைக் கடக்க வேண்டும். நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது. முக்கியமாக, வண்டியைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் ஓட்டுபவனுக்குத் தைரியம் வந்துவிடும் என்பது அப்பாவின் கட்சி. கோல் மார்க்கெட் வளைவில் இருந்து கரோல் பாக் கடைத்தெரு வரைக்கும் நாற்பது வருடம் இப்படித்தான் கடந்திருக்கிறார். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "கையக் காட்டினா நிப்பான்மா" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

போன வருடம் எங்கள் கம்பெனி ஒரு சின்ன மின்சார வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தது. லோதி ரோடு பக்கம் அரசுக் குடியிருப்பும் அலுவலகங்களுமாகச் சேர்ந்த ஒரு வளாகம் உண்டு. அதற்குள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி. ஆறு பேர் உட்காரலாம். ஓட்டுநர் கிடையாது. அவர் இடத்தில் ஒரு உதவியாளர் உட்கார்ந்திருப்பார், அவசரத்துக்கு அழுத்தக் கையில் ஒரு பொத்தான் இருக்கும். பெடல்களின் மேல் தகடு போட்டு மூடிவிடுவார்கள்.

அதே வளாகத்துக்குத்தான் செவ்வாயும் வெள்ளியும் அப்பா பஸ் பிடித்துப் போவார். அவருடைய பழைய அலுவலகத் தோழர் ஒருவரின் மகனுக்கு அங்கே குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்ற தமிழர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, ஊரிலிருந்து வரும் பத்திரிகைகளைப் பங்கு போட்டுப் படித்துவிட்டு, அரசியல் பேசி மனஸ்தாபத்தோடு பிரிந்து, அடுத்த முறை மறுபடியும் கூடுவார்கள். வண்டி அங்கே வரப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டிய அன்று அப்பா காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நான் கையக் காட்டினா உன் வண்டி நிக்குமா?"

"கையக் காட்டவே வேண்டாம்பா. நீங்க பாட்டுக்கு நடங்க. அதுவே நிக்கும்."

"அச்சா," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஏழெட்டுப் பேருக்கும் சொல்லிவிட்டார். என் பெண்தான் கையெழுத்துப் போடுகிறாள், இனிமேல் இந்த வளாகத்துக்குள் யாரும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டாம் என்று.

எங்கள் சோதனை ஓட்டுநர் ஹரியானாக்காரர், ஐம்பது வயதுக்காரர். இருபது வருடம் தில்லியில் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். நான் அவரை பாயி சாப் என்பேன். அவர் என்னை மேடம் ஜி என்பார். சோதனையில் அவருக்கு வேலை ரொம்பக் குறைவு. வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். தடத்தில் ஓடும் ஒரு பெல்ட், ஆள் உயரப் பொம்மை ஒன்றைக் குறுக்கே இழுக்கும். அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வலதுகால் பெடலை விட்டு விலகித் தரையில் தட்டையாக இருக்க வேண்டும். பிரேக் பெடலில் துளி அழுத்தம் விழுந்தாலும் பதிவில் தெரிந்துவிடும், அந்த ஓட்டம் செல்லாது. நின்றது வண்டியா மனிதரா என்ற சந்தேகமே வரக் கூடாது என்பதற்காக அந்த விதி.

முதல் வாரம் ஓடிய ஓட்டங்களில் ஒன்றுகூடச் செல்லவில்லை. ஒவ்வொன்றிலும் பெடல் தொடப்பட்டிருந்தது. நான் கத்தினேன். எனக்குக் கத்த நன்றாக வரும். அவர் பிள்ளைகள் மேல் சத்தியமாகத் தொடவில்லை என்றார். காலடியில் ஒரு சின்னக் கேமரா வைத்துப் பார்த்தோம். தூரத்தில் பொம்மை அசைந்ததுமே அந்தக் கால் பூனை மாதிரி நகர்ந்து போய் பெடலின் மேல் உட்கார்ந்துகொண்டது. மிதிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது. படத்தைக் காட்டியதும் பாயி சாப் தன் காலையே அந்நிய மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வேறு இரண்டு ஓட்டுநர்களை உட்காரவைத்துப் பார்த்தோம். அவர்களும் தில்லிக்காரர்கள். அவர்களுடைய காலும் போனது. இந்த ஊரில் பிரேக்கை விட்டுக் காலை எடுத்து ஓட்டுகிறவன் ஒரு தெருக்கூடத் தாண்டமாட்டான். சைக்கிள் ரிக்‌ஷா எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், மாடு வரும், என் அப்பா கையைக் காட்டிக்கொண்டு வருவார். கால் அங்கேயே குடியிருந்தால்தான் பிழைக்கலாம்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு மத்தியானம் எனக்கு யோசனை வந்தது. கால் அழுத்தவில்லை, அதன் கனம் மட்டும்தான் படுகிறது. அந்த அளவுக்குக் கனம் பட்டால் தொட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பதிவைச் சரிபார்க்கிற மென்பொருளில் ஒரு வடிகட்டி எழுதினேன். எட்டே வரி. அன்று மாலையே ஓட்டங்கள் எல்லாம் செல்லுபடியாகிவிட்டன. வண்டியும் ஒவ்வொரு முறையும் பொம்மைக்கு முன்னால் சமர்த்தாக நின்றது. எங்கள் பிரிவுத் தலைவர் லக்னோக்காரர், குரலை உயர்த்தாதவர். அவர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குளிர் வந்தது. தில்லிக் குளிரில் யாரும் வெறும் தலையோடு நடப்பதில்லை. பொம்மை மட்டும் மொட்டைத் தலையோடு சாலையைக் கடந்தால் அது என்ன சோதனை என்று எனக்குப் பிடிவாதம். வீட்டிலிருந்து அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரையும் மங்கி கேப்பையும் எடுத்துப் போய்ப் பொம்மைக்கு மாட்டினேன். ஸ்வெட்டர் பழையது, அவர் தேடவில்லை. மங்கி கேப்பை மூன்று நாள் தேடினார். கடைசியில் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் மேல் சந்தேகப்பட்டு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் பொம்மைக்கு அங்கிள் ஜி என்று பெயர் வைத்தார்கள். வண்டி நின்றதும் யாராவது ஒருவர் அங்கிள் ஜி பிழைத்தார் என்பார். எல்லோரும் சிரிப்போம்.

கடைசி வாரம். புதன்கிழமைக்கு மூன்று ஓட்டம் பாக்கி. வெள்ளிக்கிழமை என் கையெழுத்து. திங்களன்று லோதி ரோட்டில் வண்டி ஓடும். பாயி சாப் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் புதன் காலை வந்து சேர்ந்தார். அந்தக் குளிரிலும் காலில் ஷூ இல்லை, செருப்புதான். நான் அதைப் பார்த்தேன். எப்போதும் விதி விதி என்று எல்லோரையும் பிடுங்கி எடுக்கிற நான், அன்று அவசரத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது. பெல்ட் அங்கிள் ஜியை இழுத்தது. நான் தடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, வண்டி மூக்கைத் தாழ்த்துகிற அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது, போயிற்று. வண்டி மூக்கைத் தாழ்த்தவில்லை. தலையணையை ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் டயர் கிறீச்சிட்டது.

அது பொம்மை என்று எனக்குத் தெரியும். அதற்குள் பஞ்சுதான் என்றும், அரை மணியில் மறுபடி மாட்டி நிறுத்திவிடலாம் என்றும் தெரியும். ஆனால் தாரின் மேல் தனியாகக் கிடந்தது அப்பாவின் மங்கி கேப். பயத்தையெல்லாம் கோபமாக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தீர்களா என்று ஓடும்போதே கத்தினேன்.

பாயி சாப் இறங்கவில்லை. கதவைத் திறந்து வலதுகாலை மெல்ல வெளியே நீட்டினார். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆடியபோது பிசகிவிட்டதாம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து வந்திருக்கிறார். இந்தியில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"வலி தாங்கல மேடம் ஜி. காலைப் பின்னால இழுத்து வச்சுக்கிட்டேன். என் காலுக்கு இங்க என்ன வேலை? வண்டி தானா நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

தலைவர் வந்தார், வழக்கம் போல அமைதியாக விசாரித்தார், அமைதியாகத் தீர்ப்பும் சொன்னார். காயத்தை மறைத்து வண்டியில் ஏறியது பெரிய தப்பு. உடல் சரியில்லாத ஓட்டுநர் ஓட்டிய ஓட்டம் செல்லாது. அவரை வேலையிலிருந்து விலக்கிவிட்டு, நாளைக்கு வேறு ஆளை வைத்து மூன்று ஓட்டத்தையும் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமைக் கையெழுத்தில் மாற்றமில்லை. நானும் சரி என்று தலையாட்டினேன். மறைப்பானேன், எனக்கு அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது. பழி சுமக்க ஒரு கால் கிடைத்துவிட்டதே.

அலுவலக அறைக்குப் போய்ச் செல்லாத ஓட்டத்துக்கான படிவத்தைத் திறந்தேன். காரணம் எழுத வேண்டும். வழக்கமாக அங்கே பெடல் தொடப்பட்டது என்றோ ஸ்டியரிங் அசைக்கப்பட்டது என்றோ எழுதுவோம். எதற்கும் பார்க்கலாம் என்று, வண்டி நேரடியாக அனுப்பிய, வடிகட்டாத பதிவை எடுத்தேன். பிரேக் பெடலின் கோடு ஆரம்பத்திலிருந்து மோதல் வரைக்கும் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக, பூஜ்யத்தில் கிடந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு சுத்தமான கோட்டை நான் பார்த்ததே இல்லை. விதிப்படி பார்த்தால், அதுவரை நாங்கள் நடத்திய சோதனைகளில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

என் வடிகட்டியை எடுத்துவிட்டுப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே பாயி சாப் பெஞ்சில் உட்கார்ந்து, காலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் திறந்த எல்லாப் பதிவிலும், வண்டி பிரேக் போடுவதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்னால், பெடல் கோட்டில் சின்னதாக ஒரு மேடு இருந்தது. காலின் கனம். நான் எட்டு வரி எழுதி ஒளித்துவைத்த கனம்.

விஷயம் இதுதான். இந்த ஊர்ச் சாலையில் கண்ணில் பட்டதற்கெல்லாம் நின்றால் வண்டி நகராது என்று, எங்கள் ஆட்கள் வண்டியைக் கொஞ்சம் தயங்கச் சொல்லி வைத்திருந்தார்கள். எதிரே தெரிவது நிஜமான ஆள்தானா என்று அது ஒரு கணம் யோசிக்கும். அந்த நேரத்தில் பெடலில் லேசாகக் கால் பட்டால், ஓட்டுபவருக்கும் ஆபத்து தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே முழு பிரேக்கையும் போட்டுவிடும். கால் படாவிட்டால் ஆளை நெருங்கும்வரை யோசித்துக்கொண்டே இருக்கும். லோதி ரோட்டில் ஓடப்போகிற வண்டியில் கால் கிடையாது. பெடல் மேல் தகடு.

அந்த வளாகத்தில் அப்பா வண்டியைப் பார்க்காமல் கையைக் காட்டிக்கொண்டு நடப்பது என் கண் முன்னால் வந்தது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். லேசாகத் தொட்டதால் எப்படி வண்டி நிற்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நிரூபிக்கிறேன் என்றேன். வேறு ஆள் எதற்கு, நானே உட்கார்ந்து காலை அசைக்காமல் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். விதியை எழுதியவள், படம் போட்டு மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள், ஒரு காலைச் சும்மா வைத்திருக்க முடியாதா?

முடியவில்லை. அங்கிள் ஜி அசைந்ததும் என் கால் போயிற்று. இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு தரையை அழுத்திப் பிடித்தேன், போயிற்று. மூன்றாம் முறை வாய்விட்டு, போகாதே போகாதே என்று காலுக்கே சொன்னேன். அதுவும் தில்லியில் பிறந்து வளர்ந்த கால், கோல் மார்க்கெட் வளைவில் வண்டி பழகிய கால். சொன்ன பேச்சு கேட்கவில்லை. மூன்று தடவையும் வண்டி அழகாக நின்றது. ஓரத்தில் நின்ற எங்கள் ஆட்கள் கைதட்டியபோது எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

பெஞ்சிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பாயி சாப் நொண்டிக்கொண்டே வந்தார். வேலையிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் முகத்தில் சிரிப்பு. கால் கீழே இருந்தால்தானே போகும் என்று சொல்லி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இரண்டு காலையும் மடக்கிக் கல்யாணப் பந்தியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்து இருக்கையில் அவசரப் பொத்தானோடு நான் ஏறினேன். பொம்மை என்ன ஆனாலும் அழுத்துவதில்லை என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஐந்து முறை ஓடினோம். மூன்று முறை இடித்தது. இரண்டு முறை அங்கிள் ஜியின் ஸ்வெட்டரை உரசிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு மோதலுக்கும் என் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து விலக்கி மடக்கிக்கொண்டேன். பாயி சாப் ஸ்டியரிங்கைக்கூடத் தொடாமல், கைகளை மடியில் கோத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கடைசி ஓட்டம் முடிந்ததும், இருபது வருடத்தில் ஒருவரையும் இடித்ததில்லை மேடம் ஜி, இன்றைக்குக் காலையில் ஒருவர், இப்போது மூன்று பேர் என்றார். அதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

தலைவரின் அறையில் அன்று சாயங்காலம் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அறிக்கையில் தவறு யாருடையது என்று எழுதப்போகிறாய்? மேசை மேல் பாயி சாப்பை விலக்குகிற தாள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. எனக்குக் கோபம் வரும், பிடிவாதம் உண்டு, கர்வம் உண்டு என்பதெல்லாம் முன்பே சொல்லியாயிற்று. ஆனால் இந்த இடத்தில் நான் கத்தவில்லை. வடிகட்டியை எழுதியது நான், சரிபார்த்ததும் நான், ஓட்டுநர் காயத்தை மறைத்தது தப்பு, ஆனால் இத்தனை மாதத்தில் விதிப்படி உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான் என்றேன். அவரை விலக்கினால் அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதுவேன் என்றும் சொன்னேன். மிரட்டுகிற மாதிரித்தான் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

அவர் அந்தத் தாளைக் கிழிக்காமல், மடித்து மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் இந்தப் பொறுப்புக்கு வந்த பிறகு வேலை விஷயத்தில் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வெள்ளிக்கிழமைக்கான வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை முதல் சவாரியில் ஏறத் தோழர்களோடு பேசி வைத்திருந்தார். இன்றைக்கு நின்றதா என்று வழக்கம் போலக் கேட்டார்.

"நிக்கலப்பா. நீங்க கையக் காட்டினாலும் நிக்காது."

மடித்த சட்டையை மறுபடி பிரித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து?"

"போடல. போடவும் மாட்டேன்."

"அச்சா," என்றார். சட்டையை மறுபடி மடித்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை அவர்கள் எல்லோரிடமும் நானே சொல்லிவிடுகிறேன், அந்தக் கிழவர்கள் இப்போதே பார்க்காமல் நடந்து பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே மங்கி கேப் எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிட்டேன். முதலில் கண்ணை அகல விரித்தார். பிறகு, தன்னைத்தான் இடித்துப் பார்த்தேனா என்று கேட்டு, அரை மணி நேரம் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து திட்டினார். மறுநாள் காலையில் இஸ்திரி போடுகிறவருக்கு ஒரு தம்ளர் காப்பி போயிற்று.

வண்டியைத் திருத்துவது லேசாக இல்லை. தயக்கத்தைக் குறைத்தால் பறக்கிற பாலிதீன் பைக்கும் வேப்பங்கிளை நிழலுக்கும் நின்று தொலைத்தது. கூட்டினால் அங்கிள் ஜி பறந்தார். குளிர் போய், லூ என்கிற கோடை அனல்காற்று அடித்து, மழையும் பெய்து ஓய்ந்தது. நான் முதலில் செய்தது அந்த எட்டு வரியை அழித்ததுதான். இரண்டாவதாக விதியை மாற்றினேன்: சோதனையின்போது ஓட்டுநர் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். வெளியூரிலிருந்து பார்வையிட வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். தில்லியில் இரண்டு நாள் ஓட்டிவிட்டுச் சிரியுங்கள் என்று சாவியை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. பாயி சாப் கணுக்கால் தேறி வந்து, அந்த இருக்கையில் மடித்த போர்வை ஒன்றைப் போட்டுத் தனக்கு வசதி செய்துகொண்டார். கடைசி மாதம் முழுக்க அங்கிள் ஜியின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருடம் குளிர் தொடங்கும்போது லோதி ரோட்டு வளாகத்தில் வண்டி ஓடத் தொடங்கியது. உதவியாளராகப் பாயி சாப்பையே அனுப்பச் சொன்னேன். முதல் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. நான் அலுவலகங்கள் பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா எதிர்ப்பக்கம் தோழர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். தலையில் ஒரு காதுப்பக்கம் தையல் போட்ட அந்த மங்கி கேப். நான் இந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு, நேராக என்னை நோக்கிச் சாலையில் இறங்கினார். இடதுபக்கம் வளைவில் வண்டி வந்துகொண்டிருந்தது. நில்லுங்கள் என்று கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. அவர் வண்டியைப் பார்க்கவில்லை. இந்த முறை கையையும் காட்டவில்லை. பத்திரிகைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்து வந்தார்.

வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு இடைவெளி. அப்பா என்னிடம் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு என்ன, ஜல்தி கிளம்பு என்றார். வண்டி நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. என் வலதுகால் மட்டும் நடைபாதைக் கல்லை அழுத்திக்கொண்டிருந்தது, குதிகால் வலித்தது.

வண்டியின் ஜன்னல் வழியாகப் பாயி சாப் தலையை நீட்டினார். அவர் விரல் பொத்தானுக்குப் போயிருக்கவில்லை. சொன்னது தன் வலதுகாலைப் பற்றி.

"போயிடுச்சு மேடம் ஜி. தகட்டு மேல போய் இடிச்சிடுச்சு."

எனக்கும் போயிற்று என்றேன். வண்டி அதற்கு முன்பே நின்றிருந்தது.